பட்டணம் படி, ஊர்ப்படி, பஞ்சப்படி

போன மாசம் அப்பா போனில் ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, நானும் அம்மாவும் வீட்டைப் பூட்டிட்டு அங்கயே வந்துட்டா மாசம் எவ்வளவு ஆகும்? இங்கயே ஸ்ரீரங்கத்துல இருந்தா எவ்வளவு? எக்செல்ல போட்டு ஒரு கணக்கு சொல்லேன்."

பொட்டி தட்டற பிள்ளையைப் பெத்த எல்லாருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. எக்செல்லில் போட்டா எதுக்கும் விடை வந்துடும். எனக்கும் இருந்தது, அது வேற விஷயம் :-) இடது பக்கம் சென்னை, வலது பக்கம் ஸ்ரீரங்கம்னு ரெண்டு பத்தி போட்டேன். வாடகை, கரண்ட், தண்ணி, கேஸ், காய்கறி, வீட்டு வரி, ஆட்டோ. அப்புறம்தான் தோணிச்சு, இதையெல்லாம் நான் ஏன் கையால நிரப்பணும்? சென்னை திருச்சியைவிட இத்தனை சதவீதம் காஸ்ட்லின்னு சர்க்கார் எங்கேயாவது ஒரு நம்பர் வச்சிருக்காதா? தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரக் கடைசி அதுலயே போச்சு. நம்பர் கிடைக்கலை. ஆனா ஏன் கிடைக்கலைங்கறதுக்குப் பின்னால தொண்ணூறு வருஷக் கதை இருக்கு. கொசுவத்தி சுத்திக்கோங்க, பின்னோக்கிப் போறோம்.

திருச்சியின் விலைவாசியை சர்க்கார் அளக்க ஆரம்பிச்சது நேத்திக்கு இல்லை. 1935ல் மெட்ராஸ் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களோட வரவு செலவைக் கேட்டு எழுதினாங்க, அது 1938ல் அறிக்கையா வந்தது. அரிசிக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, வெத்தலை பாக்குக்கு இவ்வளவுன்னு ஒரு குடும்பத்தோட மாசத்தைப் பிரிச்சுப் போட்டு, 1935 ஜூலையிலிருந்து 1936 ஜூன் வரைக்கும் உள்ள விலையை நூறுன்னு வச்சுக்கிட்டாங்க. அதுக்கு மேல எவ்வளவு ஏறுதுன்னு மாசாமாசம் பார்க்கறதுதான் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண். மெட்ராஸ் மட்டும் இல்லை. விசாகப்பட்டினம், எல்லூரு, பெல்லாரி, கடலூர், மதுரை, கோவை, கோழிக்கோடு வரிசையில நம்ம திருச்சியும் இருந்தது.

திருச்சி ஏன்னு கேட்டா, என் ஊகம் பொன்மலைதான். தென்னிந்திய ரயில்வேயோட பெரிய பட்டறை 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. மாசச் சம்பளம் வாங்கற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே இடத்துல. விலை ஏறினா நேரா அடி வாங்கறவங்க அவங்கதான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல விலை எகிறினப்போ சம்பளத்தோட சேர்த்துக் கொடுத்த காசுக்குத் தமிழ்ல என்ன பேர் தெரியுமா? பஞ்சப்படி. இப்போ அகவிலைப்படின்னு மரியாதையா சொல்றோம், ஆனா எங்க தாத்தா வாயில் கடைசி வரைக்கும் பஞ்சப்படிதான். பழைய பேர்லதான் பசி தெரியுது. போர் முடிஞ்சும் விலை இறங்கலை. 1946ல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தப்போ, செப்டம்பர் 5 அன்னிக்கு பொன்மலை சங்கத் திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் உயிரை விட்டாங்க. வருஷா வருஷம் அந்தத் தேதியில் அங்கே கொடி ஏத்துவாங்க. சின்ன வயசில் அந்தப் பக்கம் சைக்கிளில் போனப்போ பார்த்திருக்கேன், எதுக்குன்னு தெரியாது.

இன்னொரு படியும் இருக்கு. அரிசி அளக்கற படி. பட்டணம் படி ஒண்ணு, ஊர்ப்படி ஒண்ணு. ரெண்டும் ஒரே அளவு இல்லை. மெட்ராஸில் படி அரிசி இத்தனை அணா, திருச்சியில் படி இத்தனை அணான்னு ரெண்டு விலையைப் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒப்பிட்டதாவே ஆகாது. முதல்ல படியை ஒப்பிடணும். 1956ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958லிருந்து மெட்ரிக் முறை மெல்ல மெல்ல நுழைஞ்ச பிறகுதான் கிலோங்கற பொது பாஷை வந்தது. சாப்ட்வேர்காரங்களுக்கு இது நல்லாப் புரியும். யூனிட் ஒண்ணா இல்லாத ரெண்டு டேட்டாவை ஜாயின் பண்ணிட்டு ரிப்போர்ட் கொடுத்தா என்ன ஆகும்? :-)

படின்னதும் 1967 ஞாபகம் வராம இருக்குமா. ரூபாய்க்குப் படி அரிசின்னு தேர்தலில் சொல்லி தி.மு.க. ஜெயிச்சது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுல அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது சென்னையிலும் கோவையிலும்தான். முழு ரேஷன் முறை இருந்தது அந்த ரெண்டு ஊர்லதான். அப்புறம் காசு கட்டுப்படியாகாம அதுவும் நீடிக்கலை. ஆக 1967ல் ஒரே மாநிலத்துக்குள்ள, ஒரே அரிசிக்கு, ஊரைப் பொறுத்து ரெண்டு விலை. கோவைக்காரர் ரூபாய்க்குப் படி வாங்கினப்போ திருச்சிக்காரர் மார்க்கெட் விலைதான் கொடுத்தார். இத்தனைக்கும் நெல்லு விளையற பக்கம் இது. லால்குடி பக்கத்துல, மண்ணச்சநல்லூர் மில் அரிசி ஆத்துக்கு அந்தாண்ட.

இப்போ அந்த வித்தியாசம் இல்லை. 2006ல் கிலோ 2 ரூபாய், 2008ல் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். மூணுமே ஊர் பார்க்காம மாநிலம் முழுக்க. என் எக்செல்லில் ரேஷன் வரிசையில் ரெண்டு பக்கமும் ஒரே எண். எங்க வீட்டுல ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்கு, சாப்பாட்டுக்கு மண்ணச்சநல்லூர் பொன்னி. அது வேற வரிசை.

கரண்ட்டும் அப்படித்தான். ஒரு காலத்துல ஊருக்கு ஒரு கம்பெனி. மெட்ராஸுக்கு மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன், அதை 1947ல் சர்க்கார் எடுத்துக்கிச்சு. திருச்சியில சவுத் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன். கோவைக்கு 1932லிருந்து பைகாரா தண்ணியில் எடுத்த மின்சாரம், அதை நம்பித்தான் அங்கே மில்லுக்கு மேல மில்லு வந்தது. 1957 ஜூலை 1ல் மின்வாரியம் வந்து, காலப்போக்குல எல்லாம் ஒரே ரேட் அட்டையின் கீழ வந்தது. சென்னை அடுக்குமாடியிலயும் அடையவளஞ்சான் வீதியிலயும் 300 யூனிட்டுக்கு ஒரே பில். 2016 மே மாசம் முதல் 100 யூனிட் இலவசம் வந்ததும் எல்லாருக்கும்தான். 2022 செப்டம்பரில் ஏத்தினதும் எல்லாருக்கும்தான்.

காகிதத்துல ஒரே பில். நான் முதல்ல சென்னையில குடியிருந்த வீட்டு ஓனர் (பேர் வேண்டாம்) சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு அவர் மனசுக்குத் தோணின ரேட் வாங்குவார். அந்த 100 யூனிட் இலவசம் என் கண்ணுல பட்டதே இல்லை. அதனால சொந்த வீட்டுல இருக்கற அப்பாவோட ரேட்டும் வாடகைக்கு இருந்த என் ரேட்டும் வேற வேற. அதுக்குக் காரணம் ஊர் இல்லை, அவர் கையில் வெள்ளை அட்டை இருந்தது, என் கையில் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். ஊருக்கு ஊர் செலவு வேறன்னு சர்க்கார் ஒத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு, வீட்டு வாடகைப்படி. அப்பா மத்திய அரசு வேலை, அதனால இந்த எழுத்துகள் எங்க வீட்டுல சாப்பாட்டு நேரப் பேச்சு. ஏ-1, ஏ, பி-1, பி-2, சி. ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 1997லிருந்து சென்னை ஏ-1, அடிப்படைச் சம்பளத்துல 30 சதவீதம். திருச்சி பி-2, 15 சதவீதம். 2008ல் ஆறாவது கமிஷன் இந்த எழுத்தையெல்லாம் கலைச்சு எக்ஸ், ஒய், இசட்னு மூணா ஆக்கினது. சென்னை எக்ஸ், திருச்சி ஒய், 20 சதவீதம். 2017ல் 24, 16, 8னு குறைச்சு, டி.ஏ. ஏற ஏற 2021ல் 27, 18, 9, 2024 ஜனவரியில் மறுபடி 30, 20, 10.

எதை வச்சு எக்ஸ், எதை வச்சு ஒய்? வாடகையைப் பார்த்தா? இல்லை. ஜனத்தொகை. 50 லட்சத்துக்கு மேல எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல ஒய், மீதி இசட். தலையை எண்ணி வாடகையை முடிவு பண்றாங்க. 2015 வரைக்கும் புனேயும் திருச்சியும் ஒரே வகுப்பு! அதே சமயம் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கற தஞ்சாவூர் இசட், நம்மள்ல பாதி. வருமான வரிக்காரங்க கதை இதைவிடத் தமாஷ். 1962ஆம் வருட விதிகளில் வாடகைக் கழிவுக்கு பம்பாய், கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ் நாலுக்கும் 50 சதவீதம், பாக்கி இந்தியாவுக்கு 40ன்னு எழுதினாங்க. எழுதினது பல பத்தாண்டுகள் அப்படியே நின்னது. ஐ.டி. வந்து பெங்களூர் வாடகை எங்கேயோ போன பிறகும், சட்டத்தோட கண்ணுக்கு பெங்களூரும் ஸ்ரீரங்கமும் ரொம்ப காலம் ஒண்ணாத்தான் இருந்தது. பெங்களூரில் இருக்கற நண்பர்கள் பல்லைக் கடிச்சது இங்கே கேட்டது.

ஸ்ரீரங்கம் இந்த ஜனத்தொகைக் கணக்குக்குள்ள வந்ததே தனிக் கதை. 1871லிருந்து அது தனி முனிசிபாலிட்டி. திருச்சி 1866, ஸ்ரீரங்கம் 1871, நடுவுல காவிரி. 1994ல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை மூணு நகராட்சியும் சேர்ந்து மாநகராட்சி ஆச்சு. 2001 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள்ள 7,52,066 பேர். வீட்டு வரி ரசீதில் பேர் மாறிச்சு, நகராட்சி போய் ஸ்ரீரங்கம் கோட்டம்னு ஆச்சு. இன்னிக்கும் எங்க அம்மா மெயின்கார்டு கேட் போனா "திருச்சிக்குப் போயிட்டு வரேன்"னுதான் சொல்லுவாங்க. மாநகராட்சி சேர்த்துச்சு, அம்மா சேர்க்கலை.

இப்போ அந்த நம்பருக்கு வரேன். 1935ல் ஆரம்பிச்ச குறியீட்டெண் வேற வடிவத்துல வாழ்ந்துக்கிட்டுதான் இருக்கு. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாசாமாசம் போடற தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு. அடிப்படை வருஷம் 1960, 1982, 2001, 2016ன்னு மாறிக்கிட்டே வந்தது. 2001 வரிசையில் நாடு முழுக்க 78 ஊர், அதுல தமிழ்நாட்டுக்கு ஆறு: சென்னை, கோவை, மதுரை, சேலம், திருச்சி, அப்புறம் குன்னூர் (தேயிலைத் தோட்டம் இருக்கே). ஆஹா, ஊர் ஊரா நம்பர் இருக்கு, ஒண்ணை ஒண்ணால வகுத்தா விடைன்னு குதிச்சேன்.

அங்கதான் தப்பு. இந்த எண் ஒரு ஊரை அதே ஊரோட பழைய விலையோடதான் ஒப்பிடுது. ரெண்டு வீட்டுல ரெண்டு பசங்க. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சுவத்துல சாய்ச்சு நிறுத்திக் கோடு போடறாங்க. ரெண்டு வீட்டுலயும் முதல் கோட்டுக்கு நூறுன்னு பேர் வச்சாச்சு. இந்தப் பையன் 150, அந்தப் பையன் 140ன்னா இவன் உயரமானவன்னு சொல்ல முடியுமா? இவன் வேகமா வளர்ந்தான், அவ்வளவுதான். முதல் கோடு எந்த உயரத்துல இருந்ததுன்னு யாரும் எழுதி வைக்கலை. திருச்சிக் குறியீடு சென்னையைத் தாண்டின மாசத்துல "திருச்சி சென்னையைவிட காஸ்ட்லி"ன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. அதுலயும் வாடகை ஆறு மாசத்துக்கு ஒரு தரம்தான் கணக்குல மாறும், ஜனவரியும் ஜூலையும்.

ஊர் ஊரா அளந்த எண்ணை ஊர் ஊரா உபயோகிக்கவாவது செய்யறாங்களான்னு பார்த்தா, எனக்கு வயித்தெரிச்சல் கிளப்பினது இதுதான். மத்திய அரசு ஊழியருக்கு டி.ஏ. அகில இந்திய சராசரியில. சரி, போகட்டும். தமிழ்நாட்டு குறைந்தபட்சக் கூலி அறிவிப்புகளை எடுத்துப் பாருங்க. கடை, ஓட்டல் மாதிரி பல தொழிலுக்கு அகவிலைப்படி எப்படின்னா, சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டின் 2000ஆம் வருட சராசரி 475 புள்ளி, அதுக்கு மேல ஏறற ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு. சென்னை நகரம்! அதாவது ராஜகோபுரத்துக்குக் கீழ காபிக்கடையில டம்ளர் கழுவறவருக்கு எவ்வளவு ஏத்தணும்னு முடிவு பண்றது சென்னையில் தக்காளி என்ன விலைங்கறது. காந்தி மார்க்கெட்டில் விலை எகிறி சென்னையில் ஏறலைன்னா அவருக்கு அந்த உயர்வு கிடையாது. தலைகீழா நடந்தா லாபம்தான், மறுக்கலை. ஆனா திருச்சிக்குன்னு அளவுகோல் வச்சு அளந்துட்டு, கூலியை மட்டும் பட்டணம் படியால அளக்கறது என்ன நியாயம்னு புரியலை.

இதுல யாருமே கவனிக்காத இன்னொரு ஆள் பென்ஷன்தாரர். வேலையில இருக்கறவரை அப்பாவுக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. ரிடையர் ஆன அன்னிக்கு அது நின்னு போச்சு. பென்ஷனில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை. சென்னையில உக்காந்தாலும் ஸ்ரீரங்கத்துல உக்காந்தாலும் அதே தொகை. அப்போ ஒருத்தர் என்ன செய்வார்? அந்தத் தொகை அதிக நாள் தாங்கற ஊருக்குப் போவார். பக்கத்துல கோயில், காவிரித் தண்ணி, நடக்கற தூரத்துல காய்கறி, டாக்டர். ரயில்வே, பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, பேங்க்னு ரிடையர் ஆனவங்க தீவுக்குள்ள வந்து வந்து, அவங்களுக்காகவே மாம்பழச்சாலை பக்கம் அடுக்குமாடி முளைச்சு, வாடகையும் ஏறினது. மலிவுன்னு வந்தவங்களாலயே மலிவு போச்சு. போதாததுக்கு வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்கற வீடுகள். இதெல்லாம் தொழிலாளர் குடும்பங்களை வச்சுப் போடற குறியீட்டுல எப்படித் தெரியும்?

மிச்ச வரிசைகளை வேகமா சொல்லிடறேன். தண்ணி: 2019 கோடையில சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி போச்சு, நாங்க அப்பார்ட்மெண்டில் லாரிக்குத் தனியா வசூல் பண்ணினோம். ஸ்ரீரங்கத்துல அம்மா குழாயைத் திறந்துட்டு என்கிட்ட போன்ல பேசினாங்க, சத்தம் கேட்டது. வீட்டு வரி: 2022ல் ஏத்தினப்போ சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம், 1,800க்கு மேல 150. திருச்சியில அதே வீடுகளுக்கு 25, 100. கேஸ் மட்டும் உல்டா, சென்னைதான் மலிவு. துறைமுகத்தை விட்டு உள்ளே வர வர வண்டிக்கூலி சேரும். போக்குவரத்துல ஸ்ரீரங்கத்துக்கு ஒரே பயம் பாலம்தான். 1976ல் கட்டின காவிரிப் பாலத்தை 2022 கடைசியில் மராமத்துக்கு மூடி 2023 மார்ச்சில் திறந்தாங்க. அந்த மாசங்கள்ல அப்பா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்குக் கொடுத்த காசை டைரியில சிவப்பு மையில் எழுதி வச்சிருக்கார்.

எல்லாம் நிரப்பிட்டு அப்பாவுக்கு போன் பண்ணினேன். கரண்ட் சமம், ரேஷன் சமம், கேஸ் அங்கே கொஞ்சம் அதிகம், மத்ததெல்லாம் இங்கே அதிகம். ஒரே ஒரு கட்டம்தான் எனக்கு நிரப்பத் தெரியலைப்பா, வாடகைன்னேன். ஸ்ரீரங்கம் பக்கம் சுழி. சொந்த வீடாச்சே. சென்னைப் பக்கம் பெரிய எண். "அந்த வீட்டை வித்து இங்கே ஒரு சின்ன பிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டினா..."ன்னு இழுத்தேன்.

அப்பா சிரிச்சார். எனக்கு அப்போதான் உறைச்சது. அடிமனை! திருச்சிக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக: உத்திர வீதி, சித்திரை வீதின்னு கோயிலைச் சுத்தி இருக்கற முந்நூறு ஏக்கருக்கு மேல, கட்டடம் குடியிருக்கறவங்களுது, அதுக்கு அடியில இருக்கற மண் யாருதுன்னு வழக்கு. கோயில் பழைய ஆவணங்களைக் காட்டுது, குடியிருக்கறவங்க தலைமுறை தலைமுறையா கட்டின வரி ரசீதைக் காட்டறாங்க. யார் பக்கம் நியாயம்னு சொல்ல நான் ஆள் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு வரும். ஆனா பத்திரம் பதிய முடியாத வீட்டை விக்கவும் முடியாது, பேங்கில் அடமானம் வைக்கவும் முடியாது. குடியிருக்கலாம். எங்க வீடு அந்த எல்லைக்குள்ளதான்.

"அதான்டா நான் முதல்லயே பூட்டிட்டு வந்தான்னு கேட்டேன், வித்துட்டுன்னு சொல்லலையே"ன்னார் அப்பா. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "உன் பிள்ளை கணக்கு போட்டுட்டான், கேஸ் மட்டும் அங்க சீப்பாம்"னு சொல்லி போனைக் கொடுத்துட்டார்.

டிஸ்கி: அப்பாவோட டைரிகள் 1990களிலிருந்து இருக்காம், பரண்ல. வைகுண்ட ஏகாதசிக்கு ஊருக்குப் போறப்போ இறக்கிப் பார்க்கணும்.